மூடிமேல் வைத்த கரி

பீட்சா சுடுவதற்காக மொட்டை மாடியைக் கேட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹப்சிகுடாவில் எங்கள் அபார்ட்மென்டின் மாடிச் சாவி சங்கத் தலைவரிடம் இருக்கும். ஓய்வுபெற்றவர், கண்டிப்பானவர். நடையாய் நடந்த பிறகு, "ஒரு சனிக்கிழமை செய்து காட்டுங்கள். பிரச்சினை வராவிட்டால் வாராவாரம் செய்துகொள்ளலாம்" என்று தெலுங்கில் சொன்னார். வாரம் முழுக்க ஊருக்கு உழைக்கிற எனக்கு, எனக்கே எனக்கென்று ஒரு மாலை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தச் சனிக்கிழமையில் இருந்தது.

சும்மா போய் நிற்கவில்லை. குவிந்த மூடி போட்ட கரி அடுப்பு ஒன்றைப் போவன்பள்ளியில் அம்மா வீட்டு முற்றத்தில் வைத்துப் பழகினேன். பால்கனியில் கரி மூட்டவே கூடாது, புகை வீட்டுக்குள் தங்கினால் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. காகிதத்தால் பற்றவைத்து, கரிமேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் பீட்சா கல்லை வைக்க வேண்டும். கல் அடுப்போடு சேர்ந்து மெல்லச் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். மூடியைப் போட்டாலும் மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். காற்று இல்லாமல் ஏது சூடு? முதல் தடவை அடி தீய்ந்தது, அடுத்த தடவை மேல் வேகவில்லை, அதற்குப் பிறகு கை வந்துவிட்டது.

என் கணவரோ பிரியாணிக்காரர். புது வருஷத்துக்கு மொத்த அபார்ட்மென்டுக்கும் அவர் கைப் பிரியாணிதான். அண்டாவின் வாயை மாவால் அடைத்து, மூடிமேல் தணலைப் பரப்பி அவர் தம் போடுவதைத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ரசிகர் மன்றம் ஒன்றுதான் பாக்கி.

அன்று மாலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மணல் வாளி பக்கத்தில், அடுப்பு தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளி, துப்பட்டா வீட்டில். கல் சூடேறிக்கொண்டிருந்தது. உப்பி வந்த மாவை எடுத்து வர நான் கீழே போக வேண்டும்.

"என்னங்க, சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க. எதையும் தொட வேணாம்."

"ஹவ், ஹவ். சரி, நீ போ. நெருப்பு எனக்குப் புதுசா?"

மாவுத் தட்டோடு திரும்பினால் மாடியெல்லாம் தண்ணீர். ஆவி போகக் கூடாது என்று துளைகளை எல்லாம் மூடியிருக்கிறார் மனிதர். உள்ளே தணல் செத்துக்கொண்டிருந்தது. சூடு போதவில்லையென்று பாதித் தணலை இடுக்கியால் எடுத்து மூடிமேல் பரப்பியிருக்கிறார். அண்டா மூடி தட்டை, இது குவிந்த மூடி. தணல் உருண்டு போய்ப் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டி, குழாய் உருகி ஓட்டை விழுந்து பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது.

சத்தம் கேட்டுத் தலைவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். யார் செய்த வேலை என்று கேட்டார். என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவளுக்கு இப்பதான் சார் பழக்கம். அப்படி வைக்காதேன்னு சொன்னேன், கேக்கல."

நான் மாவுத் தட்டோடு நின்றேன். வாயைத் திறந்தால் இவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டும், அதுவும் வெளி ஆள் முன்னால். பன்னிரண்டு வருஷம் கூட இருந்த மனிதரை அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. அவருக்கு எழுந்தது. இனிமேல் மாடியில் அடுப்பே கூடாது என்று சொல்லித் தலைவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்து கேட்டேன். "நக்கோ, பெருசு பண்ணாதே. நெருப்புல தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா புது வருஷத்துக்கு அண்டாவைத் தொட விடுவாரா? உனக்கென்ன, ஒரு பீட்சாதானே போச்சு" என்றார். பிறகு, "அந்த மாவு வீணாப் போகுதே, தோசைக்கல்லுல ஏதாவது சுடேன்" என்றார்.

மறுநாள் காலை லிப்டில் தலைவர் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். என்னைப் பார்த்து, "பர்வாலேது அம்மா, வருத்தப்படாதீர்கள். உங்களுக்காக உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்" என்றார்.

எனக்காக மன்னிப்பு! அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "துளையை மூடியதும் மூடிமேல் தணலை வைத்ததும் இவர்தான். நான் மாவு எடுக்கக் கீழே போயிருந்தேன்" என்று நல்ல தெலுங்கில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

என் கணவர் சிரித்தார். "பார்த்தீங்களா சார், எப்பவும் இப்படித்தான். தமாஷ்" என்று என் தோளில் கை வைத்தார். தலைவரும் விழுந்து விழுந்து சிரித்தார். தம் போடுகிற மனிதருக்கு நெருப்பு தெரியாதா என்று அவரே கேட்டு அவரே தலையாட்டினார். லிப்ட் கீழே வந்ததும் புது வருஷத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று பேசிக்கொண்டே இருவரும் இறங்கிப் போனார்கள்.