கதவு கதவாகப் போன கட்டளை

ஜெர்மனியில் எங்கள் அடுக்குமாடியில் வீடுகளுக்கு எண் கிடையாது. வாசல் மணிக்குப் பக்கத்தில் பெயர்தான். வாடகைக்கு வந்த முதல் நாளே என் பெயரை ஒட்டிவிட்டார்கள். அம்மாடி, அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன்! இலங்கையில் கரவனெல்லப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராக் கதவில் எண் மட்டும்தான் உண்டு.

எனக்கு இங்கே சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. போன வாரம் ஒரு பெரிய ஃபோல்டரில் கிடந்த லட்சக்கணக்கான ஃபைல்களின் உரிமையாளரை மாற்ற வேண்டியிருந்தது. நான் தானியங்கிக் கருவியில் எழுதிவைத்தபடி, அது ஒவ்வொரு ஃபைலாகப் போய் "நீ யாருக்குச் சொந்தம்?" என்று விசாரித்து விசாரித்து மாற்றியது. மத்தியானம் ஆகியும் முடியவில்லை. பக்கத்து மேசை அனியா, "ஏன் ஒவ்வொன்றாகக் கேட்கிறாய்?" என்றாள். "கேட்காமல் விட்டால் கோபித்துக்கொள்ளுமே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஃபைலுக்கு எப்படிக் கோபம் வரும் என்று உண்மையாகவே யோசித்தாள். எங்கள் லயத்தில் சாவோ சடங்கோ, கதவு கதவாகப் போய்ச் சொல்ல வேண்டும். சங்கதி ஏற்கெனவே காதில் விழுந்த காம்பராவிலும் சொல்ல வேண்டும். ஒரு கதவை விட்டுவிட்டால் வருசக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன், மண்டு!

அனியா அதை அழித்துவிட்டு, சர்வருக்கே நேராக ஒரு வரிக் கட்டளை கொடுத்தாள். உச்சியில் உள்ள ஃபோல்டரைக் காட்டி, உள்ளே இருப்பதெல்லாம் இனி இவருக்கு என்று. என் காபி ஆறுவதற்குள் கடைசி ஃபைல் வரைக்கும் மாறிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, எதுவும் தப்பவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவின் போன்.

"தோட்டத்த வேற கம்பெனி எடுத்திருச்சு புள்ள. ரப்பர், லயம் எல்லாம் இனி அவங்களுதாம்."

"உங்ககிட்ட யாரும் வந்து சொல்லலையாம்மா?"

"யாரு சொல்றா? கொழும்புல கையெழுத்துப் போட்டாங்க, முடிஞ்சிருச்சு. தோட்டத்த நடத்துற தொரைக்கே அப்புறந்தான் தெரியுமாம்."

மத்தியானம் நான் வாயைப் பிளந்து பார்த்த அதே வேகம். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இருந்தால்தான் காம்பரா. அம்மா ரப்பர் பால்வெட்டு வேலையை விட்டு ஓய்வாகிவிட்டாள். வேலைக்குப் போக ஆள் இல்லாத காம்பராவைப் புதுக் கம்பெனி திருப்பிக் கேட்டால் எங்கே போவாள்?

"நீ பயப்படாத. கதவுல புது நம்பர் அடிச்சிட்டுப் போயிருக்காங்க. அதுக்குக் கீழ சுண்ணாம்புல ஒம் பேர எழுதிட்டேன். யாராச்சும் கேட்டா, எம் மக இருக்கா, வருவான்னு சொல்லிக்கிறேன்."

வருவாயா என்று என்னைக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தபோது மணிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அங்கேயும் ஒரு கதவில் இருக்கிறது. இரண்டு வீடும் வேறு யாருடையதோ.