அடக்கத்துக்கு முன் விற்காத கருகமணி

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து ராயபுரத்தில் எங்கள் வட்டியில்லாக் கடன் சங்கத்தைத் திறந்தேன். அடகு நகைகளைப் பையில் கட்டிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வியாழக்கிழமை வேலை. கடன் சிறியதோ பெரியதோ, பெட்டக வாடகை எல்லாருக்கும் ஒன்றுதான். கடனைப் பொறுத்துக் கூட்டி வாங்கினால் அது வட்டி.

வேலை பாதியில் இருக்கும்போது ஒருவர் வந்தார். திருவொற்றியூரில் அவருடைய அக்காள் கணவர் இறந்துவிட்டார். டயாலிசிஸ் செலவுக்கு அந்தக் கணவர் எங்களிடம் கடன் வாங்கியிருந்தார். அடகு வைத்தது தங்கக் கம்பியில் கறுப்பு மணி கோத்த, மனைவியின் கருகமணி; நிக்காஹ் அன்று அவள் கழுத்தில் ஏறியது.

“சாயங்காலம் அஸருக்கு அடக்கம், பாய். கடனோட அவர எறக்கக் கூடாதாம். வித்துக் கழிச்சுடச் சொல்லிச்சு அக்கா.”

“தவணை இன்னும் இருக்கே, தம்பி.”

“சொன்னேன். கேக்கல.”

இருவரும் யானைக்கவுனி நகைக்கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் நகை வாங்கிய ரசீது கேட்டார்கள்; எங்களிடம் இல்லை. அடுத்த கடைக்காரர் உரைத்துப் பார்த்து விலை சொன்னார்.

“கல்லாவுல அவ்ளோ துட்டு இல்ல. நகைய வச்சுட்டுப் போ, நாளைக்குக் காலீல வாங்கிக்கோ. கடைய தூக்கிக்கினா ஓடப்போறேன்?”

பொன்னும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அந்த விற்பனை மார்க்கத்துக்கு ஆகாது. நகையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஒரு ராத்திரிதானே, பாய்?” என்றார் அக்காளின் தம்பி.

“ஒரு நிமிஷம்னாலும் ஆகாது.”

“உன் சட்டத்த ஃப்ரீசர் பொட்டியத் தொறந்து அவராண்ட சொல்லு” என்றார். வேறு கடை தேட நேரமில்லை; திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவர் யாருக்காவது தரவேண்டியது உண்டா என்று கூட்டத்தில் கேட்பது வழக்கம். தம்பிதான் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

“என் பொறுப்பு” என்றார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்.

கணவன் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்த அக்காளிடம் கதவுக்கு வெளியே நின்று பேசினேன்.

“அண்ணே, எறக்கும்போது கடன் இருந்துச்சா?”

“தம்பி ஏத்துக்கிச்சும்மா. கருகமணி இருக்கட்டுமே.”



“அவன் புள்ளைங்க சோத்துல கை வைக்க மாட்டேன். வித்துடுங்க.”

மறுநாள் காலை முதல் வேலையாக அதே கடையின் ஷட்டர் திறக்கும்வரை காத்து நின்றேன். கடைக்காரர் கம்பியை நறுக்கி, மணிகளை உதிர்த்துவிட்டுத் தங்கத்தை மட்டும் எடை போட்டார். ஒரு கையில் பணத்தை வாங்கி மறு கையால் தங்கத்தைக் கொடுத்தேன். பிறகு கண்ணாடிமேல் கிடந்த கறுப்பு மணிகளைப் பொறுக்கிக்கொண்டேன்.