நூல் கட்டிய தேத்தண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டீ ரூமில் என்னை உட்காரவைத்து அவமானப்படுத்திவிட்டார்கள். என்னை! கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிளாஸ் கழுவி, தேத்தண்ணி ஆற்றி, இன்றைக்குக் கண்டியிலும் கலகெதரையிலும் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற என்னை!

தெரியும்... "பெரியவர் ஆரம்பிச்சிட்டார்" என்றுதானே சிரிக்கிறீர்கள்? தேத்தண்ணிக் கடைக் கதை இல்லாமல் நான் ஒரு வாரமும் எழுதியதில்லை என்று இந்தப் பேப்பர் ஆசிரியரே குறைப்பட்டுக்கொள்கிறார். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்துப் பிழையை அவர் திருத்தலாம். என் பெருமையைத் திருத்த முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி தர்ஷினிக்குக் கல்யாணப் பேச்சு. பையன் பல்லேகலயில் ஒரு ஃபேக்டரியில் என்ஜினியர். பேத்திக்கும் அங்கேதான் வேலை. பேச வேண்டியதையெல்லாம் அதுகள் இரண்டும் பேசி முடித்துவிட்டு, மிச்சத்தைப் பேச எங்களைக் கூப்பிட்டிருக்குதுகள். காலம் அப்படி! பையன் வீட்டார் யாழ்ப்பாணம். அப்பா அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். இப்போது கண்டிப் பக்கம் குண்டசாலையில் சொந்த வீடு. முதலில் ஒரு பொது இடத்தில் சந்திப்போம் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். இடத்தைப் பிடித்தது பேத்தி. தெல்தெனியவைத் தாண்டி ஒரு கிராமம், கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் பளபளவென்று தெரிகிற மேடு, அதில் புதிதாக ஒரு டீ ரூம். ஃபோனில் படம் காட்டினாள். படம் நன்றாகத்தான் இருந்தது.

வேனில் ஏறியதுமே என் மகன் குமார் தொடங்கிவிட்டான்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். அங்க வந்து தேத்தண்ணிக் கடைக் கதைய எடுக்காதீங்க. ஹார்ட்வெயார் முதலாளின்னு மட்டுந்தான் சொல்லியிருக்கோம்."

"ஏன்டா, பேப்பர்ல ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கேன்..."

"அவங்க வீட்ல அந்தப் பேப்பர் வாங்குறதில்ல. விசாரிச்சிட்டேன்."

விசாரித்திருக்கிறான் பாருங்கள்! எந்தக் கடையின் வருமானத்தில் படித்தானோ, அந்தக் கடையை மறைக்க விசாரணை!

நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். ஆனால் பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, ப்ளீஸ்..." என்றாள். இந்த வாயை மூட உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். மூடிக்கொண்டேன்.

நம்ம பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? கதிரை சூடாவதற்குள் ரோல்ஸ், வடை, பெட்டிஸ் எல்லாம் அடுக்கிய தட்டு மேசைக்கு வந்துவிடும். விருப்பமானதை எடுக்கலாம், மிச்சம் திரும்பிப் போகும். இந்த டீ ரூமில் தட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒரு மெனு கார்ட் மட்டும் வந்தது. வெறும் தேத்தண்ணிக்கே ரெண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்!

எதிரே பையனின் அப்பா, அம்மா, நடுவில் பையன். இந்தப் பக்கம் நாங்கள்.

"இஞ்ச குளிர் குறைவு, என்ன?" என்றார் அப்பா.

"ஆமாங்க, குறைவுதான்" என்றான் குமார்.

அவ்வளவுதான். பேச்சு தீர்ந்துபோனது. எல்லோரும் நீர்த்தேக்கத்தைப் பார்த்தோம். பிறகு மேசையைப் பார்த்தோம். மறுபடி நீர்த்தேக்கம்... இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தானே மனுசன் தேத்தண்ணியைக் கண்டுபிடித்தான்? அது வந்தால்தானே!

ஒரு வழியாக வந்தது. வெள்ளைக் கோப்பை. அதில் வெதுவெதுப்பாகத் தண்ணீர். அதற்குள் ஒரு பை, பையில் ஒரு நூல். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் முன்னால் நூல் கட்டிய தேத்தண்ணி! பால் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில், அதுவும் ஜில்லென்று.

பையனின் அம்மா அந்த நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன... பட்டம் விடுறதோ?"

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவர் உதட்டில் வைத்தார். கீழே வைத்தார். கோப்பையை மெதுவாக மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டார்.

சம்பந்தம் பேச வந்த இடத்தில் வாய் நனைக்காமல் எழும்பினால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கோப்பைதான் சொல்லும்.

பையனின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப... நாங்கள் வெளிக்கிடுவம். பின்னேரம் ஒரு அலுவல் இருக்கு."

பேத்தியைப் பார்த்தேன். அவள் பையனைப் பார்க்கவில்லை. அந்த நிறைந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவுக்குப் பிடிக்காதது தேத்தண்ணியா, எங்களையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கவா முடியும்? ஒரே வழிதான். நல்ல தேத்தண்ணியை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் தள்ளிவிட்டால்... அப்போது நாங்கள்தான்.

"ஒரு நிமிசம் இருங்க" என்று எழும்பினேன்.

குமார் சட்டையைப் பிடித்தான். "அப்பா, எங்க போறீங்க?"

"குசினிக்கு."

"அப்பா!"

வாசலில் மெனேஜர் தம்பி மறித்தான். உள்ளே வரக்கூடாதாம். "புத்தா, மகனே, உன் தண்ணி கொதிக்கவே இல்ல. அது கொதிக்கிற வரைக்கும் நான் இங்கதான்" என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவன் யோசிப்பதற்குள் நான் உள்ளே நுழைந்துவிட்டேன், என் கண் குசினி மூலைக்குப் போய்விட்டது. அங்கே சமையல்கார அம்மா கிளாஸில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். செக்கச்சிவந்த நிறம், ஆவி பறக்கிறது! பக்கத்தில் ஒரு டின் நிறையத் தேயிலைத் தூள், பால்மா பாக்கெட், ஆணியில் தொங்கும் வடிதுணி.

"மாத்தயா, இது எங்களுக்கு ஊத்தினது" என்றார் அந்த அம்மா.

பார்த்தீர்களா? அவர்களுக்குத் தேத்தண்ணி. நமக்கு நூல்!

சட்டைக் கையை மடித்தேன். பால்மாவையும் சீனியையும் கொஞ்சம் சுடுதண்ணியில் கட்டியில்லாமல் அடித்தேன். கொதிக்கக் கொதிக்கத் தேயிலைச் சாயத்தை வடித்தேன். பிறகு ரெண்டு ஜக்கைக் கையில் எடுத்தேன். வயசு என்ன, கை நடுங்குமே என்று நினைக்கிறீர்களா? ஒரு சொட்டு வெளியே போகவில்லை! மேலிருந்து கீழே ஒரு முழ நீளம்... நுரை பொங்கிக்கொண்டு வந்தது. மெனேஜர் தம்பி ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தான்.

இதில் ஒரு சிக்கல். குசினிக்கும் மேசைகளுக்கும் நடுவில் சுவர் இல்லை, கண்ணாடி. புது ஃபேஷனாம். மொத்தக் கடையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குமார் மெனு கார்டால் முகத்தை மூடியிருந்தான்.

கோப்பைகளையும் ஜக்கையும் தட்டில் வைத்து நானே ஏந்திப் போனேன். வழியில் ஒருவர் கையை உயர்த்தி, "எங்க மேசைக்கும் இதே" என்றார். இந்த வயசிலும் ஓடர் வருகிறது எனக்கு!

பையனின் அம்மா முன்னால் முதல் கோப்பையை வைத்தேன்.

பையனின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இந்தக் கை எங்க பழகினது?"

குமார் இருமினான். எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே! பேத்தியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க தாத்தா" என்றாள் அவள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்டி பஸ் ஸ்டாண்ட்லங்க. தேத்தண்ணிக் கடையில. கிளாஸ் கழுவத் தொடங்கி, ஆத்துற வரைக்கும் வந்தேன். அதுக்கப்புறந்தான் ஹார்ட்வெயார் எல்லாம்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் பையனின் அம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

"பக்கத்து வீட்டில அந்தப் பேப்பர் எடுக்கிறவை. கிழமைக்குக் கிழமை வாங்கி வாசிக்கிறனான். இந்த மனுசன் மெய்யாத் தேத்தண்ணி ஆத்தினவரோ, இல்லாட்டி சும்மா புளுகிறாரோ எண்டு எனக்கொரு சந்தேகம்."

மெனு கார்ட் மெதுவாகக் கீழே இறங்கியது. குமாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அந்த அம்மா கோப்பையை எடுத்தார். ஊதினார். குடித்தார். இன்னொரு வாய். பிறகு அடிவரைக்கும் குடித்து, வெறும் கோப்பையைக் கீழே வைத்தார். பேத்தியின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"சீனி கூடிப்போச்சு" என்றார்.

என் தேத்தண்ணியை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதில் சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், அவர் தொடர்ந்தார்.

"கலியாணத்தண்டைக்கு ஊத்தேக்க கொஞ்சம் குறையுங்கோ."

எனக்கு விளங்குவதற்கு முன்னமே பேத்திக்கு விளங்கிவிட்டது. பையனுக்கும்தான். பையனின் அப்பா தன் கோப்பையையும் முடித்துவிட்டு, பின்னேர அலுவலை மறந்து, ஜக்கில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீர்த்தேக்கத்தைக் காட்டுங்கள், கண்ணாடி போடுங்கள், ரெண்டு பக்கம் எழுதுங்கள்... எல்லாம் சரி. ஆனால் குசினிக்குள் நீங்கள் குடிக்கிறதை எங்களுக்கும் கொடுங்கள். அது போதும்.

கல்யாணத்துக்குத் தேத்தண்ணி என் பொறுப்பு. சம்பந்தியம்மா, பக்கத்து வீட்டுப் பேப்பரில் இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்... சீனி குறையாது!