குரலுக்கு விட்ட இடம்

அந்த போனில் பழுது எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஷார்ஜா ரோலாவில் நான் போன் ரிப்பேர் செய்கிற கடைக்கு, எங்கள் அறையில் எதிர்க் கட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒரு மாலை அதைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தம் செருப்பு கிடக்கும் இடம்கூட அடுத்தவருக்கு இடைஞ்சலோ என்று பார்க்கிற மனிதர். "தம்பி, லண்டனில இருந்து பிள்ளை ஏதோ அனுப்பியிருக்கிறா. மேளச் சத்தம் மட்டும் வருது. அவவின்ர குரல் வரேல்லை. ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

ஸ்பீக்கரைத் துடைத்தேன், மாற்றினேன், ஹெட்போன் வைத்துக் கேட்டேன். அப்படி ஒரு இசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏசி கம்ப்ரசரின் இரைச்சலுக்கு யாரோ தாளம் பழக்கிவிட்டது போல இருந்தது. அடியில் நெஞ்சை உதைக்கிற கனத்த ஒலி, மேலே சில்லென்று நாலைந்து சுரம், நடுவில் ஒன்றுமே இல்லை. பாடுகிறவர் இதோ வருவார் என்று காத்திருந்தால் வராமலே முடிந்துபோகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. போன் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். கெட்டிருந்தால், மகள் அதற்குள் பேசியிருக்கிறாள் என்று ஆகும்.

அவள் சின்னக் குழந்தையாகத் தாயோடு லண்டன் போனவள். பின்னாலேயே போக வேண்டிய தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. கேட்கக் கேட்க மறுத்தார்கள். அவரும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார். மகளுக்கு வாயில் வருவது ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பாடு, வெயில், குளிர் என்று கொஞ்சம் பேச்சு, அப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். எங்கள் அறையில் எல்லோருடைய போனிலும் அந்த மௌனம் உண்டு. அவருடையது கொஞ்சம் நீளம்.

நான்தான் பிடிவாதமாக அவளுக்கு போன் போட வைத்தேன். அவள் சிரித்தாள். "அப்பா, அது உடையேல்லை. அதில வொய்ஸ் இல்லை. அப்பிடித்தான் செய்தது." அவள் பிறந்த காலத்தில் கிழக்கு லண்டனில் அடுக்குமாடி வீட்டுப் பையன் ஒருவன் தன் அறையில் கம்ப்யூட்டரில் செய்ததாம். லைசென்ஸ் இல்லாத ரேடியோக்களில் ஓடி ஓடிப் பரவி, அதைக் கேட்டு எத்தனையோ பேர் அதே வழியில் செய்யத் தொடங்கினார்களாம். அந்த வகைக்கு கிரைம் என்று பெயர். ‘ஜி’யில் தொடங்குகிற கிரைம்; குற்றம் அல்ல, பிசுக்கு என்று அர்த்தமாம். யார் வேண்டுமானாலும் அதன்மேல் தன் கதையைப் பேசலாம். நடுவில் இடம் விட்டிருப்பதே அதற்குத்தான். அவளும் மேடையில் அதன்மேல் பேசுகிறாளாம்.

"அப்ப நீ கதைச்சதை ஏன் பிள்ளை அனுப்பேல்லை?" என்றார் அண்ணன்.

"அது இங்கிலிஷ் அப்பா. சரியான ஸ்பீட். உங்களுக்கு விளங்காது."

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதே இசை, ஆனால் மேலே அவள் குரல், தட்டுத்தடுமாறிய தமிழில். "அப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறாள். இசை மட்டும் ஓடுகிறது. "அங்க வெயிலோ?" மறுபடி நிறுத்துகிறாள். கடைசியாக, "எப்ப வருவீங்கள்?" அதன்பின் முடியும்வரை வெறும் இசைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் அறைக்கு வரும்போது மற்றவர்கள் வெளியே போயிருப்பார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்டிருப்பார். "ஓம் பிள்ளை, சாப்பிட்டன்" என்பார். "வெயில்தான். பஸ்ஸுக்குள்ள ஏசி இருக்கு, பயப்பிடாதை" என்பார். பதிவு பண்ணி அனுப்புங்கள் என்றால் வெட்கப்படுவார். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். துண்டை எடுத்து மடிப்பார்; மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். எனக்கு அப்போது அங்கே நிற்கப் பிடிக்காது. ஊரிலிருந்து என் மகனும் அதையேதான் கேட்கிறான்.

போன குளிர்காலத்தில் டூட்டிக்குக் கிளம்பியவர் பஸ் பக்கத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. உடல் யாழ்ப்பாணம் போன பிறகு மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், நான் அனுப்பினதை அப்பா கேட்டவரோ?"

"வாரா வாரம் கேட்டாரும்மா. பதிலும் சொன்னாரு" என்றேன்.

அவளுக்கு அது தெரியாது. பிறகு, "நான் அதைப் போடுறன். அவர் சொன்ன மாதிரியே நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றேன். இசை தொடங்கியது. அவள் கேட்டாள். "ஓம் பிள்ளை, சாப்பிட்டன்" என்றேன். என் ராமநாதபுரத்து நாக்கில் அவர் தமிழ் ஒழுங்காக வரவில்லை, அவள் அழுதுவிட்டாள். வெயிலைப் பற்றியும் சொன்னேன். கடைசிக் கேள்வி வந்தது. வாறன் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? இசை ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள்.

"இப்பிடியே ஒண்டும் சொல்லாமல் இருந்திடுவாரோ?" என்றாள், எல்லாம் முடிந்தபிறகு.

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியும் அங்கிள். அதுக்குத்தான் அந்த இடத்தை நீட்டி விட்டனான்."