ஊசியக்காவும் மூன்றடி மண்ணும்

புதையல் என்று சொன்ன வாயை முதலில் கழுவிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசுவோம். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டி, அதில் ஒரு கம்பியைப் படுக்க வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தாம்பாளம் போல வளையம் வைத்த மிஷினை அதன் மேல் ஆட்டிக்கொண்டு நடந்தால் அது புதையல் வேட்டையா? புதையல் எடுப்பவள் தானே புதைப்பாளா? மாடிவீட்டுக்காரிக்கு மாடி மட்டும்தான் உயரம், மண்டை தரையோடு தரை.

"புருஷன் வெளிநாட்டுல எங்கயோ தங்கத்தப் பொதைச்சு வச்சிட்டுச் செத்துட்டான். அதான் மிஷினோட கிளம்புறா" என்று துணி உலர்த்திக்கொண்டே தெருவுக்கே கேட்க அவள் சொன்னாள். ஊசியக்காவுக்கும் கேட்டது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மண்ணை மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தாள்.

சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்கு அதுதான் பெயர். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் தைப்பவள் கையைத் தூக்க வேண்டும், ஊசியக்கா ஓடிவருவாள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. உடைந்த துண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, முழு ஊசி ஆனபிறகுதான் தாளில் வைத்து டேப் ஒட்டுவாள். எறும்பின் தலை அளவு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையில் ஒரு மிஷினும் ஓடாது. கடைசியில் தைத்த சட்டைகள் எல்லாம் பெல்ட்டில் ஏறி, இரும்பு இருந்தால் கத்துகிற மிஷினுக்குள் போய் வரும். அந்த மிஷினையும் அவள் நம்பமாட்டாள். மணிக்கு ஒருமுறை, உள்ளே இரும்புப் பொட்டு வைத்த அட்டையை அதற்குள் அனுப்பிக் கத்துகிறதா என்று பார்ப்பாள். "கத்தாத மிஷினும் பேசாத புள்ளையும் ஒண்ணு. உள்ள என்ன கோளாறுன்னு நாமதான் பாக்கணும்" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் கட்டடக் கம்பிவேலை. உள்ளூரில் சாரத்திலிருந்து விழுந்து இடது தொடை முறிந்து, ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத்தான் எழுப்பி நடக்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால் ஒரு நொடி பிந்தித்தான் வரும். வாசல் கேட்டில் ஒற்றைக் கதவைத் திறந்தால் ஒருக்களித்து நுழைய அவரால் முடியாது. அவருக்காக இரண்டு கதவும் திறக்கும். அந்தக் காலோடுதான் வெளிநாட்டு வேலைக்கும் போனார். அங்கே காய்ச்சல் பரவிய வருஷம் விமானமும் இல்லை, உடலை அனுப்பவும் வழியில்லை. அதே காய்ச்சலில் போன பத்துப் பேரோடு ஒரே வரிசையில் புதைத்து, நம்பர் எழுதிய மரக்கட்டைகளை நட்டார்கள். இங்கே கேட்டின் இரண்டாம் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்து துருவும் ஏறிவிட்டது.

போன மழையில் அங்கே வெள்ளம் வந்து கட்டைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. நம்பர் அங்கத்து மயான ஆபீஸ் நோட்டில் இருக்கிறது, மண்ணில் இல்லை. இப்போது அந்த இடத்தில் மேடு போட்டு ரோடு வருகிறது. ஆள் அடையாளம் தெரிந்தால் எடுத்து, பேர் எழுதி, வேறு இடத்தில் வைப்பார்களாம். தெரியாதவர்கள் ரோட்டுக்கு அடியில். பதினொன்றையும் திறந்துபார்க்கச் சட்டம் இல்லை. எட்டு மாதம் விடாமல் கடிதம் போட்டபிறகு அந்த ஆபீஸ் இறங்கிவந்து ஒரு பதில் எழுதியது: ஒரு நாள் காலைப்பொழுது தருகிறோம். மிஷின் கொண்டுவரலாம், மண்ணைத் தொடக்கூடாது. ஒரு இடத்தைக் காட்டினால் அதை மட்டும் நாங்கள் திறந்து, அவர் கால் எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவோம். இரண்டாம் இடம் கிடையாது.

படித்துச் சொன்ன மகள் கடிதத்தை மடித்தாள். "அம்மா, தப்பான எடத்தக் காட்டிட்டா?"

"அதுக்குத்தான்டி இங்கயே கத்துக்கிட்டுப் போறேன்."

முதல் வேலையாக, அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெயின்டரைப் போனில் பிடித்தாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டாள்.

"இடுப்பளவு தோண்டினோம்க்கா."

"யார் இடுப்பு?"

"என்னக்கா கேக்குறீங்க?"

"தோண்டுனது யாரு, அவன் நெட்டையா குட்டையா? ஆளாளுக்கு இடுப்பு ஒரே எடத்துலயாடா இருக்கு?"

தோண்டியது தான்தான் என்றான். அவனை எழுந்து நிற்கச் சொல்லி, டேப் எடுத்து அளக்கச் சொன்னாள். மூன்றடி, அதற்கு மேல் இரண்டு விரல். பெட்டியா, ஆணி அடித்தார்களா என்றும் கேட்டாள். பெட்டி இல்லை, எல்லாருக்கும் தார்ப்பாய்தான் என்றான். பெல்ட்? "எங்க கையாலதான்க்கா கழட்டினோம்" என்றவன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை. ஆணி இல்லை, பெல்ட் இல்லை, கத்தினால் அது அவர் கால் கம்பிதான் என்று மகளிடம் சொல்லி எழுதச் சொன்னாள்.

மிஷின், தெருக்குழாய் பார்க்கிறவருடையது. ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன வால்வு மூடிகளைத் தேட வைத்திருப்பது. "அக்கா, இது மூடி தேடுற மிஷின். மனுசனத் தேடுறது இல்ல" என்றார். "மனுசன நான் தேடிக்கிறேன் தம்பி. கம்பிய மட்டும் அது தேடட்டும்" என்றாள்.

கட்டடக் கம்பியை முழ நீளத்துக்கு வெட்டி மூன்றடியில் புதைத்தார்கள். மிஷின் ஊரைக் கூட்டியது. மாடிவீட்டுக்காரி எட்டிப்பார்த்தது அன்றைக்குத்தான். ஊசியக்கா சந்தோஷப்படவில்லை. காலுக்குள் வைக்கிற கம்பியும் கட்டடக் கம்பியும் ஒன்றா? ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பு வார்டு நர்ஸைப் பிடித்து, யாருக்கோ வைத்துக் கழற்றிய பழைய கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். துருப்பிடிக்காத இரும்பு, வழுவழுப்பு. அதைப் புதைத்து நடந்தாள். மூச்சு இல்லை. இரண்டடிக்கு ஏற்றிப் புதைத்தாள், கத்தியது. திரும்ப மூன்றடி, கல்லுப் பிள்ளையார்.

டிக்கெட் போட்டாயிற்று. இன்னும் ஒன்பது நாள். கம்பெனி விட்டு வந்ததும் மண்வெட்டியைத்தான் எடுப்பாள். சோறு கேட்கிற மகளுக்கு அடுப்படியைக் கைகாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்குவாள். ஆறாம் நாள் சனிக்கிழமை, மத்தியானம் மழை பெய்து ஓய்ந்தது. ஈர மண்ணில் சத்தம் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும் என்று குழாய்க்காரர் வந்து நின்றார். அவள் நடந்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. குழாய்க்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க நடக்கல, ஓடுறீங்க. உங்க கம்பெனி பெல்ட்டுனு நெனச்சுக்கிட்டீங்களா? இவ்ளோ வேகத்துல மண்ணு பேசாது."

"மெதுவா நடக்க எனக்கு வராது தம்பி. பழக்கமில்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு ஒரு காலை வைத்தாள். அடுத்த காலைத் தூக்காமல், யாரோ வந்து சேரட்டும் என்பதுபோலப் பொறுத்தாள். அப்புறம் அடுத்தது. வலது கைப்பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டு, பாதி அடி பின்வாங்கி, இன்னொன்று. ஹெட்ஃபோனுக்குள் கொசு முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. போகவில்லை. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நீண்டு, பிறகு அறுந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் குழாய்க்காரர் காதில் வைத்து, மறுபடி அதே மாதிரி நடந்துகாட்டினாள். அவருக்குக் கண் விரிந்தது.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"பன்னெண்டு வருசம் அவரு கூட நடந்திருக்கேன்ல."

மறுநாள் இருபது தடவை நடந்தாள். பதினேழு தடவை கேட்டது, மூன்று தடவை கேட்கவில்லை. அந்த மூன்றுதான் அவளைச் சாப்பிடவிடவில்லை. கம்பெனியில் மூன்று சட்டை தப்பிப் போனால், போகட்டும் என்று யாராவது விடுவார்களா? லீவு கேட்கப் போனபோது மேனேஜர், "செத்தவர எடுத்து என்னம்மா செய்யப்போறீங்க?" என்றார், கெட்ட மனசில் இல்லை. "ஒரு துண்டு கொறஞ்சாலும் லைன் ஓடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க" என்றாள். அவர் பேனாவைத் தேடினார். "ஆறு நாள். ஏழாவது நாள் ஆடிட்டு வருது, ஞாபகம் இருக்கட்டும்."

கிளம்புகிற காலையில் மிஷினை மூன்றாகக் கழற்றிச் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். ஆஸ்பத்திரிக் கம்பியை எக்ஸ்ரேக்குள் சுருட்டி, இது காலுக்குள் வைக்கிற கம்பி என்று நர்ஸ் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு பையில் போட்டாள். அங்கே போனதும் முதலில் அந்தக் கம்பியைத் தரையில் வைத்து மிஷினைச் சோதிக்காமல் ஓர் அடி எடுத்துவைக்கமாட்டாள். பின்பக்கக் குழியை முந்தின நாளே மூடியிருந்தாள். மகள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.

"அம்மா, அங்க கத்தவே இல்லைன்னா?"

ஊசியக்கா செருப்பைத் தேடினாள்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "எனக்கும் ரெண்டு காசு எடுத்துட்டு வா, என்ன?" வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். விமானம் நிற்காது என்று மகள் கத்தினாள். கேட்டில் ஒற்றைக் கதவு திறந்துதான் கிடந்தது, அவள் ஒருத்தி போக அது தாராளம். ஊசியக்கா பையைக் கீழே வைத்தாள். குனிந்து, துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, இரண்டாவது கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து வைத்துவிட்டு, மெதுவாக வெளியே நடந்தாள்.