மெஷின் மேல் போட்ட பழி

செய்தி டெலிபிரிண்டரிலேயே வந்தது. மதுரை அலுவலகத்தில் நான் அன்றைய முதல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். தேனி லைன் மெஷின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. "ஞானமுத்து சார் காலமானார். நல்லடக்கம் நாளை பகல் 11 மணி, போடி. மறுபடியும்: பதினொரு மணி." எந்த எண்ணையும் இரண்டு முறை அனுப்ப வேண்டும் என்பது தேனி அலுவலகத்தில் ஞானமுத்து போட்ட சட்டம். அவனுடைய சாவுச் செய்தியே அந்தச் சட்டப்படி வந்து சேர்ந்தது.

"அவர்" என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ஒரே வயது, ஒரே மேசை, ஒரே பொட்டலத்துப் பக்கோடா. எங்கள் பத்திரிகையின் தேனி அலுவலகத்தில் நான் நிருபர், அவன் டெலிபிரிண்டர் ஆபரேட்டர், மெக்கானிக்கும் அவனே. ஆகவே அவனை அறிந்த பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், நான் அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

போடி கடைவீதியில் அவன் வீட்டாருக்கு இரும்புக்கடை இருந்தது. கல்லாவில் உட்காரச் சொன்ன அப்பாவிடம், "எனக்கு ஆணி விக்கத் தெரியாதுப்பா, கழட்டத்தேன் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தவன். ஒரு முறை மெஷினில் ஸ்பிரிங் ஒன்று அறுந்துபோனது. மதுரையிலிருந்து ஆள் வர மூன்று நாளாகும் என்றார்கள். இவன் எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் போய், ஓரமாகக் கிடந்த ஓட்டை மெஷினிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைப் பிடுங்கி வந்து மாட்டினான். மூன்றாம் நாள் வந்த மதுரைக்காரர் அதைப் பார்த்து, "இது எந்த ஊர் சாமான்?" என்று கேட்டார். "நம்ம ஊர்தேங்க" என்றான்.

எண்ணை இரண்டு முறை அனுப்பும் சட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. நாங்கள் தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவோம். எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே விசைதான், நடுவே ஒரு மாற்று விசையைத் தட்ட வேண்டும். லைனில் சின்னக் கோளாறு வந்தால் அந்த மாற்றம் போய்ச் சேராது. அப்படி ஒரு நாள் வைகை அணையின் நீர்மட்டம் மதுரையில் வெறும் எழுத்துகளாகப் போய் இறங்கியது. அங்கே இருந்தவர்கள் அதை ஏதோ அதிகாரியின் இனிஷியல் என்று நினைத்துவிட்டார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணை எண்ணாக ஒரு முறை, சொல்லாக ஒரு முறை அனுப்ப ஆரம்பித்தான். மெஷினை யாராவது குறை சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "மெஷின் சொன்னதச் செய்யும் மாப்ள. அவசரப்படுறதெல்லாம் நாமதேன்" என்பான்.

அவசரப்பட்டவன் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மறுநாள் பத்திரிகையில்தான் வரும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்குப் பள்ளிகளின் எண்கள் முதல் நாள் மத்தியானமே எங்கள் மெஷினுக்கு வந்துவிடும். தெருவே வாசலில் நிற்கும். ஒரு பள்ளியின் பட்டியல் முடிந்ததும் கடைசியில் மொத்தம் எத்தனை எண்கள் என்று வரும், மெஷினுக்குள் இருக்கும் மணி அடிக்கும். மணி அடித்த பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும். நடுவில் மெஷின் சற்று நின்றாலும் கை வைக்கக் கூடாது.

அப்படி ஒரு ரிசல்ட் நாளில் ஞானமுத்து சாப்பிடப் போயிருந்தான். சின்னமனூர்ப் பள்ளியின் பட்டியல் வந்துகொண்டிருந்தபோது மெஷின் நின்றது. வாசலில் ஒரே கூச்சல். நான் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

சின்னமனூருக்கு அப்பால் இருந்து ஒரு விவசாயி மகளோடு வந்திருந்தார். எண் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினார். இரண்டு முறை தேடினேன். "இல்லீங்க" என்றேன், ஏதோ கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல. அவர் மகளைப் பார்த்தார்.

"பாசானா டீச்சர் டிரெய்னிங், இல்லன்னா கல்யாணம்னு பேச்சு. மாப்பிள்ளை வீட்டுல சாயங்காலமே வெத்தலை பாக்கு மாத்த வர்றாக. வா ஆத்தா, போவோம்."

அந்தப் பெண் அழவில்லை. கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்த ஞானமுத்து முதலில் மெஷினைத்தான் பார்த்தான். அதில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எண், அதன் கீழே மொத்தம்.

"ஏலே, மணி அடிச்சப்புறமாக் கிழிச்ச?"

துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினான்.

"இந்த நம்பர யாரும் கேட்டு வந்தாகளா?"

துண்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு முறை தேடிய எண் மறக்குமா? "வந்தாக, கம்பம் பஸ்ஸுல போயிட்டாக" என்றேன், வெற்றிலை பாக்கு விஷயத்தையும் சொன்னேன். அவன் அலுவலகத்தைப் பூட்டச் சொல்லிவிட்டு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். வீரபாண்டி தாண்டியும் பஸ் கண்ணில் படவில்லை. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அது கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் ஏறினான். நான் கீழே ஜன்னலோரம் நின்றேன்.

"அய்யா, பிள்ளை பாசு. இந்தா பாருங்க நம்பரு."

பெரியவர் துண்டை வாங்கவில்லை. "அங்கன இல்லைன்னீக, இங்கன வந்து பாசுன்றீக. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நான் வாக்குக் குடுத்திருப்பேன். யாரு தப்புய்யா இது?"

அவர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். ஞானமுத்து குறுக்கே வந்து நின்றான்.

"மெஷின் தப்புங்கய்யா. நின்னு நின்னு வந்துச்சு. அதப் பாக்குற ஆளு நாந்தேன். வையிறதுன்னா என்னைய வையிங்க."

அவர் வைதார், நன்றாகவே வைதார். பிறகு துண்டை வாங்கி மகள் கையில் கொடுத்தார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதது.

திரும்பும் வழியில், "ஏன்டா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் நீ இந்தத் தெருவுல சேதி கேக்கணும், சொல்லணும். ஒன்னைய நாலு பேரு நம்பணும் மாப்ள. மெஷினுக்கு என்ன, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா மறந்துரும்."

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. மெஷின் பழுது, பராமரிப்பு என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தான். அவனுடைய கோப்பில் இருக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். நான் நல்ல பெயரோடு மதுரைக்கு மாற்றலாகி வந்தேன்.

நல்லடக்கத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தார். இப்போது டீச்சர். என்னை அடையாளம் கண்டு, "அன்னைக்கு மட்டும் மெஷின் ஒழுங்கா ஓடியிருந்தா, இப்படி ஒரு மனுஷன எனக்குத் தெரிஞ்சே இருக்காது சார்" என்றார். நான் தலையாட்டினேன். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் நடுவே, அவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெறுமனே தலையாட்டினேன்.

தவறு என்று தெரிந்ததும் ஞானமுத்து ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் கிளம்பினான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கிளம்புதலைத்தான். எனக்கு அது இத்தனை வருஷம் தாமதமாகத்தான் வாய்த்திருக்கிறது. டீச்சர், அன்று மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. தாளைக் கிழித்தவன் நான்.