இருநூற்றுப் பன்னிரண்டும் இருநூற்று முப்பத்தொன்றும்

ஐதராபாத்தில் ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். ஊர்ப் பேரையெல்லாம் அதற்குள் போட்டால் பெரிய ஊரை வைத்துக்கொண்டு சின்ன ஊரைத் தின்றுவிடுமாம். ஆலம்பட்டு என்ற ஊரையும் தின்றுவிட்டதாம். இதைச் சொன்னவன் அந்த ஊர்ச் சிட்டிபாபு. அவனுக்குச் சொன்னவர் சித்தூர் பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. "நீ அங்க மேப் வேலைதானே பாக்கற பாப்பா, இது நெஜமா?" என்று ஜெயசீலி அத்தை ஏர்மெயில் தாளில் கேட்டிருந்தார்.

எண்பத்தாறாம் வருடம் ஜூலையில் அந்தக் கடிதம் ஹாலந்தில் என் கைக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் வரைபடப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. படித்ததும் சிரித்தேன். ஆனால் வதந்தியில் முக்கால்வாசி உண்மை. பெரிய வரைபடத்தைச் சின்னதாக்கும்போது எல்லாவற்றுக்கும் தாளில் இடம் இருக்காது. புள்ளிமேல் புள்ளி விழும், பேர்மேல் பேர் ஏறும். எதை வைப்பது, எதை விடுவது என்று முன்பெல்லாம் வரைகிறவர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார். இப்போது விதிகளை எழுதிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். இத்தனை பேருக்குக் குறைந்த ஊரை விடு, இந்த வளைவுக்குச் சின்னதான ஆற்று வளைவை நேராக்கு, இப்படி. பொதுமைப்படுத்தல் என்பது அதற்குப் புத்தகத்தில் உள்ள பெயர். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

ஜெயசீலி அத்தை என் நைனாவின் அக்கா. சித்தூரில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, அறுபத்து நான்கில் அரசாங்க வேலையில் ஆலம்பட்டுத் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனவர். புத்தலப்பட்டுக்குப் பக்கம் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் நடை. நடுவில் ஓர் ஓடை, பாலம் கிடையாது. நிலையம் என்பது இரண்டு அறை. முன்னறையில் பிரசவம், பின்னறையில் அத்தை. அவரை மூன்று முறை பெண் பார்த்தார்கள். மூன்றாம் முறை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அத்தை ஒரு பிரசவத்தில் இருந்தார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று நைனா சொல்வார். "காப்பி மட்டுமா? கேசரியும் துன்னுட்டுதான் போனாங்க" என்று அத்தை திருத்துவார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் பிரசவ நேரத்தில் ஊரில் இல்லாதது ஒரே ஒரு முறை. எழுபத்தேழு நவம்பரில் எங்கள் தாத்தாவின் அடக்கத்துக்குச் சித்தூர் வந்திருந்தார். அன்றைக்குச் சுலோசனா என்ற பெண்ணுக்கு வலி கண்டது. மாட்டு வண்டியில் ஏற்றி ஓடைக்கரை வரை கொண்டு வந்தார்கள். தண்ணீர் வடியட்டும் என்று நான்கு மணி நேரம் காத்திருந்தார்கள். வண்டியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. அதன் பிறகு அத்தை ஓடை ஓடுகிற மாதங்களில் லீவு எடுத்ததில்லை.

ஆகஸ்டில் நான் லீவில் வந்தபோது வதந்தி காகிதமாகிவிட்டிருந்தது. தாலுகாக்களைப் பிரித்து மண்டலமாக்கிய பிறகு, புது வரைபடத்தை வைத்து எந்தச் சுகாதார நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்று திரும்பக் கணக்குப் போட்டிருந்தார்கள். அத்தையின் நிலையம் ஓடைக்கு அந்தப்பக்கம், ரோட்டோரம் இருக்கும் வெங்கடாபுரத்துக்கு மாற வேண்டும். காரணம் ஒரே வரி: வரைபடத்தில் அவ்விடத்தில் குடியிருப்பு இல்லை.

"நானூத்தி சொச்சம் பேரு இருக்கறோம், குடியிருப்பு இல்லையாமே! அப்ப நான் யாருக்கு ஊசி போட்டுக்கினு இருந்தேன், ஓணானுக்கா?" என்றார் அத்தை.

வரைபடம் போட்ட அலுவலகம் திருப்பதியில் இருந்தது. இரண்டு பேரும் போனோம். மொட்டை அடிக்கப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கி, ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் அதைக் கண்டுபிடித்தோம். அங்கே வரதராஜன் என்ற இளம் அதிகாரி இருந்தார். நகரிக்காரர், வீட்டில் தறி ஓடுகிற குடும்பம். என் வேலையைச் சொன்னதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அது எனக்குக் கூச்சமாக இருந்தது, அத்தைக்கு நம்பிக்கையாக இருந்தது.

வரைபடத்தை விரித்தார். நல்ல வேலை. ரோடு சுத்தமாக இருந்தது, எழுத்து எதன்மேலும் ஏறவில்லை. ஓடை ஒரு மெல்லிய நீலக் கோடு. அதற்கு இந்தப்பக்கம் வெள்ளைத் தாள்.

"எந்த அளவுக்குக் கீழே விட்டீங்க?" என்று கேட்டேன்.

"எரநூத்தி அம்பது மேடம். அதுக்குக் கீழ இருந்தா புள்ளி விழாது. விதி அப்படி."

"யாரு விதி?" என்றார் அத்தை. "எங்க தலவிதியா?"

"ஐயோ அம்மா, அது வேற விதி. ரூல், ரூல்!"

"ஆலம்பட்டுல நானூத்தி நாப்பத்தி மூணு பேர் இருக்காங்களே" என்றேன்.

வரதராஜன் ஓரம் முழுக்கத் துளை போட்ட நீளமான கம்ப்யூட்டர் காகிதக் கட்டை எடுத்துவந்து விரலால் கீழே இறங்கினார். ஆலம்பட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நாற்பது வரி தள்ளி மர்ரிபள்ளெ, இருநூற்று முப்பத்தொன்று. அதற்கும் நட்சத்திரம். நட்சத்திரம் போட்டால் விடப்பட்டது என்று அர்த்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஊரில் இரண்டு தெரு. கிழக்குத் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிக்கு மேல் எங்கள் சபைக்காரர்கள். அவர்கள் ஊரை ஆலம்பட்டு என்பார்கள். மேற்குத் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களுக்கு அது மர்ரிபள்ளெ. இரண்டும் ஒரே ஆலமரத்தின் பேர்தான். அந்த மரமும் ஐம்பத்தெட்டு புயலில் விழுந்துவிட்டது. அத்தை போன புதிதில் பதிவேட்டில் எல்லாரையும் ஆலம்பட்டு என்றே எழுதினார். மேற்குத் தெருவில் ஒரு குழந்தையைக்கூட அம்மை ஊசிக்கு அனுப்பவில்லை. சிட்டிபாபுவின் அப்பா வந்து, "அதுல எங்க ஊரு பேரு லேதே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்றைக்கே ஸ்கேலை எடுத்துப் பக்கத்தின் நடுவில் சிவப்பு மையில் கோடு போட்டார். இந்தப்பக்கம் ஆலம்பட்டு, அந்தப்பக்கம் மர்ரிபள்ளெ. மறு வாரம் இரண்டு தெருக் குழந்தைகளும் வந்தார்கள். அந்தக் கோட்டைப்பற்றி அவருக்கு எப்போதும் பெருமை உண்டு. போன வருடம் மண்டலக் கணக்குக்குப் படிவம் வந்தபோது, பதிவேட்டில் இருந்தபடியே இரண்டு வரியாக எழுதி அனுப்பினார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவருக்கு அவை இரண்டு ஊர்.

சொன்னேன். அத்தை காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோட்டாலயா?"

"இல்ல அத்தே. விதி அப்படி எழுதியிருக்காங்க. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

"வெதி கெடக்குது. கோடு நான் போட்டது பாப்பா." இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். "சரி, ரெண்டையும் கூட்டிக்க சொல்லு. இது ஒரு கணக்கா? ஒண்ணாங்கிளாஸ் பையன் கூட்டுவான்."

வரதராஜன் கையைப் பிசைந்தார். "ரெண்டு ஊரை ஒண்ணாக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா. நாளைக்கு மர்ரிபள்ளெ எங்கடான்னு எவனாவது கேட்டா என் வேலை போய்டும்."

மூலையில் வரைகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பேனா தானாக நகர்ந்து வேறு ஏதோ மண்டலத்தின் ரோட்டைப் போட்டது. அத்தை என் காதருகே குனிந்தார். "பேனா அங்கதான் இருக்குது. ஒரு புள்ளி வெச்சுடேன். அந்தாளு நல்லவரு, பாக்காத மாதிரி இருப்பாரு."

"தாள்ல வெச்சா போதாது அத்தே. கணக்கு கம்ப்யூட்டர் டேப்புல இருக்கு."

"அப்ப நீ அவ்ளோ தூரம் போயி இன்னாதான் படிச்ச?"

வரதராஜன் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு வழி சொன்னார். இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து, இது ஒரே ஊர், இதற்கு இந்த ஒரு பேர்தான் என்று மகஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். திருத்தின டேப் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐதராபாத்துக்குப் போகிறது. அதற்குள் மகஜர் கைக்கு வந்தால் அவரே வரியை மாற்றிவிடுவார், நிலையமும் இருக்கிற இடத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வந்தால் இரண்டு வருடம் ஒன்றும் செய்ய முடியாது. தன் மேசை டெலிபோன் நம்பரை என் டயரியில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை பள்ளிக்கூட அறையில் ஊர் கூடியது. கிழக்குத் தெருவுக்குப் பேச ஆர்தர் மாமா, எங்கள் சபையில் மணி அடிப்பவர். மேற்குத் தெருவுக்குச் சிட்டிபாபு. அவன்தான் வார்டு மெம்பர். ஒரே ஊர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பேரில் நின்றுவிட்டது.

"ஆலம்பட்டுன்னு கையெழுத்து போட்டா நாளைக்கு ரேஷன் கார்டு, பட்டாபுக்கு எல்லாத்துலயும் அதே வந்துடும்" என்றான் சிட்டிபாபு. "எங்க நாயன மர்ரிபள்ளெல பொறந்தாரு. செத்தப்புறம் அவரை ஊர் மாத்த சொல்றீங்களா?"

"ஏம்பா, மர்ரின்னாலும் ஆலுன்னாலும் ஒரே மரந்தானே?" என்றார் ஆர்தர் மாமா.

"ஒரே மரந்தானே? அப்ப மர்ரின்னே போடு மாமா!"

அறை முழுக்கச் சிரிப்பு. ஆர்தர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க கோயில் கல்லுல ஆலம்பட்டு சபைன்னு வெட்டியிருக்குது. அதை உளியால செதுக்கட்டுமா?"

பின்வரிசையில் இருந்து ஒருவர், "ரெண்டும் வாணாம், நர்ஸம்மாபுரம்னு போட்டுடுங்க" என்றார். கைதட்டினார்கள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் செத்தா ஊரையும் சேத்து பொதச்சுடுவீங்களா? எனக்கு பேரு வாணாம். ரெண்டு ரூமு அங்கயே இருந்தா போதும். சுலோசனாவ மறந்துட்டீங்களா எல்லாரும்?"

சுலோசனா மேற்குத் தெருப் பெண். கிழக்குத் தெரு தலைகுனிந்தது, மேற்குத் தெருவும் தலைகுனிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட யாரும் எழுந்து வரவில்லை. நான் எழுந்து, எந்தப் பேரைப் போட்டாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான் என்று இரண்டு பாஷையிலும் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். "உனக்கென்னம்மா, நீ போய்டுவ" என்றாள் ஒரு பெண். அவள் அதைத் திட்டாகச் சொல்லவில்லை.

நான் போய்விட்டேன். லீவு முடிந்தது. செப்டம்பர் முழுக்கக் கடிதம் இல்லை. ஆய்வகத்தில் என் திரையில் ஏதோ ஒரு நாட்டின் ஊர்கள் வரும். குறைந்தவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரையச் சொல்வேன். வேலை அதுதான், நிறுத்த முடியாது. கழித்த பட்டியலை மட்டும் தனியாக அச்சிட்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்களைக் கூட்டிப் பார்ப்பேன். அந்தப் பேர்களில் எவை இரண்டு, எவை ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காலை தபாலில் அத்தையின் கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள் முன்பு எழுதியது.

"பாப்பாவுக்கு ஸ்தோத்திரம். ஆர்தர் மாமா எறங்கி வந்துட்டாரு. அவரு பொண்ணு கிரேஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்குது, நவம்பர் மொதல் வாரம் நாளு. குழந்தை குறுக்கால கெடக்குதுன்னு நான்தான் சொன்னேன். அன்னிக்கி ராத்திரி மாமா தூங்கலையாம். காலைல சிட்டிபாபு வூட்டுக்கு அவரே போயி, மர்ரிபள்ளென்னே எழுதிக்கோ, பேரு போனா போவுதுன்னாரு. சிட்டிபாபு அழுதுட்டான். இப்ப ஒவ்வொரு வூடா கையெழுத்து வாங்கிக்கினு இருக்கறேன். முப்பதாம் தேதி நானே திருப்பதி போயி வரதராஜன் கைல குடுத்துடறேன். மழை மட்டும் நிக்கணும். ஓடையில இப்பவே முழங்காலுக்கு மேல தண்ணி. நீ அவருக்கு ஒரு போன் போட்டு, அத்தை வராங்க, கொஞ்சம் இருங்கன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

முப்பதாம் தேதி நேற்றே போய்விட்டது. வங்கக் கடலில் புயல் சின்னம், ஆந்திராவின் தெற்கே மூன்று நாளாகக் கனமழை என்று சிற்றலை வானொலியில் கேட்டிருந்தேன். சென்னையைத்தான் நினைத்துக்கொண்டேனே தவிர, அந்த ஓடையை நினைக்கவில்லை.

காலை எட்டரைக்கு ஆபரேட்டரிடம் நம்பரைக் கொடுத்தேன். லைன் இல்லை என்றாள். பத்து மணிக்கும் இல்லை. பதினொன்றரைக்கு ஏதோ கிடைத்து, தெலுங்கில் ஒரு குரல் "ஹலோ, எவரண்டி?" என்று கேட்டு அறுந்தது. அது அந்த அலுவலகம்தானா என்றுகூடத் தெரியவில்லை. ஆலம்பட்டில் போன் கிடையாது. சித்தூரில் நைனா வீட்டிலும் கிடையாது. நான் பேசக்கூடிய இடம் உலகத்தில் அந்த மேசை ஒன்றுதான். தீபாவளி வாரம் வேறு. வரதராஜன் நகரிக்குப் பஸ் ஏறியிருப்பாரோ? மகஜர் அவர் மேசைமேல் இருக்கிறதா, அத்தையின் பையிலேயே நனைந்துகொண்டிருக்கிறதா? அத்தை ஓடைக்கு எந்தப்பக்கம் நிற்கிறார்?

பன்னிரண்டு பத்துக்கு ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டாள். "லைன் கிடைத்துவிட்டது, ரிங் போகிறது, வைத்துவிடாதே" என்றாள். அங்கே இப்போது மாலை நாலு நாற்பது. அலுவலகத்தை ஐந்துக்கு மூடுவார்கள், டேப்பும் போய்விடும். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இடையில் கடல் இரைகிற மாதிரி ஓர் ஓசை, அதற்கு அடியில் மணி. பதினாறு முறை அடித்துவிட்டது. வைத்துவிடட்டுமா என்று ஆபரேட்டர் கேட்கிறாள். வேண்டாம், இன்னும் கொஞ்சம் என்கிறேன். பதினேழு. பதினெட்டு.